சாமைக்கு உமி நீக்கும் சிறு இயந்திரம்: மலைக் கிராமத்துக்கு வாங்கலாமா?

மலைக் கிராமங்களில் கேழ்வரகுக் களி இன்னும் அடுப்பில் இருக்கிறது. சாமைச் சோறு அருகிவிட்டது. இரண்டும் ஒரே காட்டில் ஒரே மழையில் விளைபவைதான். வித்தியாசம் உமியில். கேழ்வரகு மணியில் ஒட்டிப்பிடித்த உமி கிடையாது. கதிரை அடித்துத் தூற்றினால் நேராக மாவு மில்லுக்குப் போகலாம். சாமை, தினை, பனிவரகு, வரகு இவற்றை உரலில் போட்டுக் குத்தி, முறத்தில் புடைத்து, உமி போகாத மணியைத் திரும்பவும் குத்தவேண்டும். மூன்று சுற்று முடிந்து ஒரு குடும்பத்தின் இரண்டு வேளைச் சோற்றுக்கு அரிசி கிடைப்பதற்குள் ஒரு பெண்ணின் காலைப்பொழுது போய்விடும். 2011 ஜூனிலிருந்து தமிழ்நாட்டு ரேஷன் கடையில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. உலக்கையை யார் எடுப்பார்கள்?

கொல்லிமலையில் இதோடு மரவள்ளியும் சேர்ந்துகொண்டது. சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகள் கிழங்கை எடுத்துக்கொள்வதால் சாமைக்காடுகள் பல கிழங்குக் காடுகளாயின. மிச்சமிருக்கும் சாமையும் உமியோடு வியாபாரியிடம் போகிறது. அது நாசிக் மில்கள் வரை பயணப்பட்டு, வெளுத்த அரிசியாக நகரத்துக் கடைக்கு வந்துசேருவது வெகுநாள் வழக்கம். விளைவித்த மலையாளிப் பழங்குடிக் குடும்பம் ரேஷன் அரிசியை உண்ணும். அவர்களுடைய சாமையை நகரத்தில் சர்க்கரை நோயாளி உண்பார். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து கொல்லிமலையில் சிறுதானியங்களோடு வேலை செய்தபோது, விதையைக் காப்பாற்றுவதோடு நிற்காமல் கிராம அளவில் உமி நீக்கும் இயந்திரங்களையும் குழுக்களிடம் கொடுத்ததற்குக் காரணம் இதுதான்.

இந்த மதிப்புரை எந்த ஒரு கம்பெனிப் பெயருக்கும் உரியது அல்ல. கோயம்புத்தூர்ப் பட்டறைகள் பலவும் சிறு மாறுதல்களோடு செய்துதரும் ஒரு வகை இயந்திரத்தைப் பற்றியது: சிங்கிள் ஃபேஸ் மின்சாரத்தில் ஓடும், 2 ஹெச்.பி. மோட்டார் பொருத்திய, வீசியெறிந்து உமி பிளக்கும் இயந்திரம். கையால் தானியம் கொட்டுவது, உமியை ஊதித் தள்ளும் புளோயர் சேர்ந்தது. அளவுகோலும் ஒன்றே ஒன்று. 5 கிலோ, 10 கிலோ என்று தலைச்சுமையாக வரும் வீட்டுத் தானியத்தை இது அரிசியாக்கித் திருப்பி அனுப்புமா? டன் கணக்கில் அரைத்து நகரத்துக்கு ஏற்றுமதி செய்ய நினைப்பவர்களுக்கு வேறு இயந்திரங்கள் உண்டு. அவர்களுக்கு இந்த மதிப்புரை உதவாது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். சாமை, தினை, பனிவரகுக்கு நன்றாக வேலை செய்கிறது. பனிவரகுக்கு மிக நன்றாக. வரகுக்கு ஆகாது. கேழ்வரகுக்குத் தேவையே இல்லை. இதை மட்டும் தனியாக வாங்கி, சலிக்கும் இயந்திரமும் கல் பிரிக்கும் வழியும் இல்லாமல் வைத்தால் இரண்டாவது பருவத்தில் அது அறைக்குள் துருப்பிடித்துக் கிடக்கும். அப்படிக் கிடக்கும் இயந்திரங்களில் பெரும்பாலானவற்றின் கதை இதுதான்.

வேலை செய்யும் விதம் எளிது. மேலே தொட்டியிலிருந்து தானியம் நடுவில் விழுகிறது. வேகமாகச் சுழலும் இம்பெல்லர் தட்டு அதை வெளிப்புறமாக வீசுகிறது. சுற்றுச்சுவரில் பதித்த ரப்பர் லைனரில் மணி மோதும்போது உமி பிளந்து கழல்கிறது. கீழே இறங்கும் வழியில் காற்று உமியை இழுத்துச் சைக்ளோன் (காற்றைச் சுழலவிட்டு உமியைப் பிரிக்கும் கூம்பு) வழியாக வெளியே தள்ளுகிறது. இங்கே தேய்ப்பு இல்லை, மோதல்தான். எமரிக் கல் என்ற சொரசொரப்பான கல் வைத்த மில் உமியைத் தேய்த்து எடுக்கும். எடுக்கும்போது தவிட்டையும் சேர்த்தே எடுக்கும். நெல்லுக்கான பழைய ஹல்லரில் சாமையைப் போட்டால் பாதி நொய்யாகத்தான் வரும். சத்து என்று பார்த்தால் வீச்சு வகைக்கு நிகரில்லை. தவிடு மணியோடு தங்குகிறது.

மோதலில் ஒரு சிக்கலும் உண்டு. கனமான மணி பலமாக மோதும், இலேசான மணி மெதுவாக மோதும். ஒரே வேகத்தில் பெரிய மணி உடையும், சிறிய மணி உமியோடே வெளியே வரும். ஆகவே உள்ளே போகும் தானியம் ஒரே அளவாக இருப்பதுதான் பாதி வேலை. கொல்லிமலையில் கட்டவெட்டிச் சாமை, சடஞ்சாமை, திருகுலாச் சாமை, பெருஞ்சாமை என்று வகைகள் பல. மணியின் பருமனும் முற்றும் காலமும் வேறுவேறு. இரண்டு வகையைக் கலந்து கொண்டுவந்தால் எந்த வேகத்தில் வைத்தாலும் குறை தெரியும். வகை வகையாக அரைக்கவேண்டும், அல்லது முதலில் சலித்துப் பிரிக்கவேண்டும்.

சலிக்கும் இயந்திரத்தைக் கட்டாயம் என்று சொல்வதற்கு இன்னொரு காரணம், அது இரண்டு தடவை பயன்படும். முதல் தடவை உமியோடு உள்ள தானியத்தை அளவுவாரியாகப் பிரிக்க. இரண்டாவது தடவை, அரைத்து வந்ததில் அரிசியையும் உமி போகாத மணியையும் பிரிக்க. உமி போன அரிசி சற்றுச் சிறுத்திருக்கும். இடைப்பட்ட துளை உள்ள சல்லடையில் அரிசி கீழே இறங்கும், உமியோடு உள்ளது மேலே தங்கும். தங்கியதை மட்டும் மறுபடி இயந்திரத்தில் விடலாம். முதல் சலிப்பைத் தவிர்த்துவிட்டால் இரண்டாவது சலிப்பும் பயனற்றுப்போகும், ஏனென்றால் உமியோடு உள்ள சிறு மணியும் உமி போன பெரு மணியும் ஒரே துளையில் இறங்கும். பிறகு எல்லாவற்றையும் சேர்த்து இரண்டாம் முறை விடுவார்கள். ஏற்கெனவே அரிசியானது நொய்யாகும். "மெஷின் சரியில்லை" என்ற புகாரில் பெரும்பங்கு இங்கேதான் பிறக்கிறது. சல்லடைத் துளை அளவைப் பட்டறைக்காரரின் பட்டியலிலிருந்து எடுக்காதீர்கள். உங்கள் ஊர் வகைகளில் ஒவ்வொன்றிலும் 2 கிலோவை எடுத்துப்போய், அதற்குத் தட்டு அடித்துத் தரச் சொல்லுங்கள்.

வேகத்தை மாற்றும் வசதி, அதாவது மின் அலைவெண்ணை மாற்றும் டிரைவ், இல்லாத இயந்திரத்தை வாங்கவேண்டாம். புல்லியை மாற்றி வேகம் மாற்றலாம் என்பார்கள். ஒரு நாளில் மூன்று வீட்டுச் சாமையும் ஒரு வீட்டுத் தினையும் வரும் இடத்தில் அது நடக்காது. நிமிடத்துக்கு இத்தனை சுற்று என்ற எண்ணை வைத்து இரண்டு பட்டறை இயந்திரங்களை ஒப்பிடுவதும் வீண். மணி பெறும் வேகத்தைத் தீர்மானிப்பது தட்டின் விளிம்பு ஓடும் வேகம். 30 செ.மீ. விட்டமுள்ள தட்டு நிமிடத்துக்கு 2,800 சுற்று சுழன்றால் விளிம்பு நொடிக்கு ஏறக்குறைய 44 மீட்டர் ஓடும். அதே சுற்றில் 20 செ.மீ. தட்டின் விளிம்பு 29 மீட்டர்தான் ஓடும். தட்டின் விட்டத்தைக் கேட்காமல் சுற்றை மட்டும் குறித்துக்கொண்டு வருபவர் கையில் பாதித் தகவல்தான் இருக்கிறது.

வேகத்தைப் பொருத்தும் முறை: சுத்தம் செய்த 1 கிலோ தானியத்தைக் குறைந்த வேகத்தில் விடுங்கள். வெளியே வந்ததில் கைபோன போக்கில் 100 மணி எடுத்து எண்ணுங்கள்: உமியோடு எத்தனை, உடைந்தது எத்தனை. வேகத்தைச் சிறிது ஏற்றி மறுபடி எண்ணுங்கள். உமியோடு உள்ளது நூற்றில் 10, 15 மணி என்ற அளவுக்கு இறங்கியதும் நிறுத்திவிடுங்கள். இதற்கு மேல் ஏற்றினால் கடைசிப் பத்து மணிக்காக இருபது மணி உடையும். மீதியை இரண்டாம் சுற்றுக்கு விடுவதே இலாபம். இந்த வேகத்தையும் எண்ணிக்கையையும் வகைவாரியாகச் சுவரில் எழுதி ஒட்டிவிட்டால் இயக்குபவர் மாறினாலும் தரம் மாறாது. தொட்டியின் ஷட்டரை முழுக்கத் திறப்பதும் இதே போன்ற தவறுதான். தானியம் கொத்தாக விழுந்தால் மணி மணியோடு மோதும், லைனரோடு மோதாது. மெல்லிய சீரான ஓட்டம் வேண்டும்.

ஈரம்தான் இந்த மலைகளின் பெரிய எதிரி. சாமை பெரும்பாலும் ஆனி, ஆடி மழையில் வளர்ந்து, வடகிழக்குப் பருவமழை நெருங்கும்போது அறுவடைக்கு வரும். களத்தில் காய வைத்தால் மதியத்துக்கு மேல் மூடுபனி இறங்கும். ஈரம் 10 முதல் 12 சதவீதத்துக்குள் இருந்தால்தான் உமி முறுமுறுவென்று பிளக்கும். 14ஐத் தாண்டினால் உமி தோல் போல நெகிழ்ந்துகொடுக்கும். மணி லைனரில் மோதித் திரும்பும், உமி விடாது, ஈரத் தூசி சைக்ளோன் குழாயை அடைக்கும். 9க்குக் கீழே போனால் எல்லாம் நொய். ஈரமானி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் பல்லில் கடித்துப் பார்க்கவேண்டும்: 'டக்' என்று இரண்டாக உடைந்தால் சரி, நசுங்கினால் இன்னும் ஒரு வெயில் தேவை. வெயிலிலிருந்து எடுத்த சூட்டோடு இயந்திரத்தில் கொட்டக்கூடாது. ஓர் இரவு நிழலில் ஆறவிட்டால் நொய் கண்கூடாகக் குறையும். மழை விடாத ஆண்டுகளில் அறுவடை முடிந்த கையோடு அரைக்க முயல்வதைவிட, தார்ப்பாய்க் கூரையின் கீழ் உயர்த்திய மூங்கில் தட்டில் பரப்பிக் காயவைத்து, தை மாதம் வரை உமியோடே வைப்பது புத்திசாலித்தனம். உமியோடு உள்ள சாமை ஆண்டுக்கணக்கில் கெடாது. பூச்சியும் அதை அவ்வளவாகத் தீண்டாது.

அரிசியாக்கியபின் கதை வேறு. தவிட்டில் எண்ணெய் இருக்கிறது. உமி போனதும் காற்றுப்பட்டு அது சிக்கு வாடை அடிக்கத் தொடங்கும். தீட்டாத சாமை அரிசியை இரண்டு மாதத்துக்கு மேல் வைக்காமலிருப்பது நல்லது, ரவையாகவோ மாவாகவோ ஆக்கினால் சில வாரங்கள்தான். நகரத்துக் கடைகள் தீட்டிய வெள்ளைச் சாமையைக் கேட்பதற்கு நிறம் மட்டுமே காரணமல்ல, அலமாரியில் அது நாள்பட நிற்கும். ஊரிலேயே இயந்திரம் இருந்தால் இந்த நிர்ப்பந்தமே இல்லை. மாதத்துக்கு ஒரு முறை தேவையான அளவு மட்டும் அரைத்துக்கொள்ளலாம். இந்த இயந்திரத்துக்கு ஆதரவான வாதங்களில் இதுவே வலுவானது. விற்பனையாளர்களின் துண்டுப்பிரசுரத்தில் மட்டும் இது இருப்பதில்லை.

அந்தத் துண்டுப்பிரசுரத்தில் இருப்பது இரும்புச்சத்து. 100 கிராம் சாமையில் 9.3 மில்லிகிராம் இரும்பு என்ற பழைய அட்டவணை எண்ணைப் பாக்கெட்டுகளிலும் பதாகைகளிலும் இன்னமும் அச்சடிக்கிறார்கள். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவு அட்டவணையில் சாமையின் இரும்பு 1.26 மில்லிகிராம்தான். சாமையை இரத்தசோகைக்கு மருந்து என்று பெண்களிடம் சொல்லிக் கொடுப்பது நேர்மையல்ல. அதே அட்டவணையில் சாமைக்கு உண்மையான பெருமையும் இருக்கிறது: புரதம் 10 கிராமுக்குச் சற்று மேல், நார்ச்சத்து 7.7 கிராம், தீட்டிய பச்சரிசியில் புரதம் 8, நார்ச்சத்து 2.8. சுண்ணாம்புச் சத்தில் மட்டும் சாமை ஏழை. கேழ்வரகில் 364 மில்லிகிராம் இருக்க, சாமையில் 16தான். ஆகவே சாமை வந்தால் விலகவேண்டியது ரேஷன் அரிசியில் ஒரு பங்கு. கேழ்வரகு இருந்த இடத்திலேயே இருக்கட்டும். 2023 மே மாதம் நீலகிரி, தர்மபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். சாமையை அப்படி ஒரே நாளில் நுழைக்கமுடியாது என்பதற்கும் முதல் பத்தியில் சொன்ன உமிதான் காரணம்.

தட்டில் என்ன சேர்கிறது என்பதும் இதோடு சேர்ந்தது. சாமைக்காட்டில் ஊடுபயிராகப் போடும் அவரை, துவரை, மொச்சை திரும்ப வந்தால்தான் சாமையின் புரதம் முழுமையடையும். முருங்கைக்கீரை, தக்காளி, நெல்லிக்காய் ஏதாவது ஒன்று கூட இருந்தால் இருக்கும் கொஞ்ச இரும்பும் உடலில் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் சேராது. தீட்டாத சாமையை அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஊறவைத்து, ஒரு பங்குக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர் வைக்கவேண்டும். ஊறவைக்காமல் அரிசி போல வடித்தால் மேலே குழைந்து உள்ளே விறைப்பாக நிற்கும். அங்கன்வாடியில் ஒரு முறை அப்படிப் பரிமாறிவிட்டால் குழந்தைகள் அடுத்த முறை தொடமாட்டார்கள்.

கல் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். பாறையிலும் மண் களத்திலும் அடிக்கும் சாமையில் மணியளவுக்கே உள்ள மணல் கலந்திருக்கும். சல்லடை அதைப் பிரிக்காது, ஏனென்றால் அளவு ஒன்று, எடைதான் வேறு. அதற்குக் காற்றும் அதிர்வும் சேர்ந்த கல் பிரிக்கும் இயந்திரம் வேண்டும். கையில் பணம் இல்லாவிட்டால் முதல் வேலையாகத் தார்ப்பாய் வாங்குங்கள், எல்லாக் குடும்பத்துக்கும், கதிர் அடிக்க. அதன் பயன் இரட்டிப்பு: சோற்றில் கல் இராது, ரப்பர் லைனர் மணலில் தேய்ந்துபோகாது. சுத்தமான தானியத்தில் ஒரு பருவம் முழுக்க நிற்கவேண்டிய லைனர் மணல் கலந்த தானியத்தில் பாதிக்கு முன்பே போய்விடும்.

எவ்வளவு அரிசி கிடைக்கும்? 100 கிலோ சாமை வந்தால் தூசி, சருகு, பதர் போக 94 முதல் 96 கிலோ தேறும். இயந்திரம் சரியாகப் பொருந்தியிருந்தால் அரிசி 60 முதல் 65 கிலோ, நொய் மூன்று நான்கு கிலோ, மீதி உமியும் கொஞ்சம் தவிடும். 55க்குக் கீழே அரிசி போனால் வேகத்திலோ ஈரத்திலோ கோளாறு. புளோயர் காற்று அதிகமாக இருந்தால் உமியோடு நொய்யும் பறந்துபோகும். உமிக் குவியலை ஒரு கைப்பிடி எடுத்துப் பார்த்தாலே தெரியும். நொய்யை மில்லே வைத்துக்கொள்வது பல ஊர்களில் வழக்கம். கூடாது. குழந்தைக்குக் கஞ்சி வைக்க நொய்தான் உகந்தது. எடைபோட்டு வீட்டாரிடம் திருப்பித் தரவேண்டும். தவிட்டை அன்றன்றைக்கே கோழிக்கும் மாட்டுக்கும் கொடுத்துவிடலாம். உமி தீவனத்துக்கு ஆகாது, மூடாக்குக்கும் எருக்குழிக்கும் ஆகும்.

இங்கே கணக்கு தவறும் இடம் ஒன்றுண்டு. இயந்திரத்தில் 'மணிக்கு 80 கிலோ' என்று எழுதியிருக்கும். அது தொடர்ந்து கொட்டினால். 5 கிலோ மூட்டைகளாக வந்தால் எடைபோட, சலிக்க, முதல் சுற்று, மீதியைத் திரும்ப விட, துடைக்க என்று ஒவ்வொன்றுக்கும் 10, 12 நிமிடம் ஆகும். உண்மையில் மணிக்கு 25 முதல் 30 கிலோ. கிலோவுக்கு 6 ரூபாய் கூலி என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 150 முதல் 180 ரூபாய். மின்சாரம் பெரிய செலவல்ல, புளோயரோடு சேர்த்து மணிக்கு 2 யூனிட் அளவில்தான். இயக்குபவர் கூலியும் உதிரிப் பாகமும்தான் செலவு. சாமை வரத்து கார்த்திகையிலிருந்து சித்திரை வரை. அதன்பின் அறை காலி. 80 கிலோவை வைத்துத் திட்ட அறிக்கை எழுதிக் கடன் வாங்கிய குழு மூன்றாம் ஆண்டில் தவிக்கும். வழி ஒன்று: அதே அறையில் கேழ்வரகுக்கு மாவு மெஷின். அது ஆண்டு முழுக்க ஓடும். ஆனால் அதே மாவு மெஷினில் மிளகாய் அரைக்கச் சம்மதிக்காதீர்கள். பிறகு குழந்தைக்கு யாரும் அதில் மாவு அரைக்கமாட்டார்கள்.

சிறு மூட்டை வரும் இடத்தில் இயந்திரத்துக்குள் தங்கும் மிச்சம் ஒரு பிரச்சினை. வாளிச் சங்கிலி எலிவேட்டர் வைத்த 'ஆட்டோமேட்டிக்' மாடல்களில் கிலோக் கணக்கில் தானியம் உள்ளே தங்கும். முந்தைய வீட்டுச் சாமை அடுத்த வீட்டு மூட்டையில் கலக்கும். 5 கிலோ கொண்டுவந்தவருக்கு அது பெரிய பங்கு. கையால் கொட்டும் மாடலில் தங்குவது சில நூறு கிராம், பிரஷ்ஷால் தள்ளிவிடலாம். மானியத்தில் கிடைக்கிறது என்பதற்காகப் பெரிய மாடலை ஏற்றுக்கொள்வது இந்த வேலைக்குப் பொருந்தாது.

விதையைப் பற்றி ஒரு வார்த்தை. அரைக்க வருமுன்பே விதைக்கானதை எடுத்துவைக்கவேண்டும். ஏக்கருக்கு 4, 5 கிலோதான் தேவை. இயந்திரம் வந்த ஊரில் எல்லாவற்றையும் அரிசியாக்கிவிட்டு, அடுத்த ஆடிக்கு வெளியிலிருந்து விதை வாங்கினால் திருகுலாச் சாமையும் கட்டவெட்டியும் போய்விடும். கொட்டும் இடத்தில் நிற்பவர் "விதை எடுத்தாச்சா?" என்று கேட்பதை வழக்கமாக்கினால் போதும்.

மின்சாரம். மலையில் மாலை நேரத்தில் வோல்டேஜ் 180க்கு இறங்குவது சாதாரணம். கெபாசிட்டர் வைத்த சிங்கிள் ஃபேஸ் மோட்டார் அப்போது முனகும், சூடாகும், கடைசியில் கெபாசிட்டர் வெடிக்கும். சிங்கிள் ஃபேஸை வாங்கி மூன்று ஃபேஸாகக் கொடுக்கும் டிரைவும் மூன்று ஃபேஸ் மோட்டாரும் சேர்ந்த அமைப்பு இதைவிட நம்பகமானது. மெதுவாகக் கிளம்பும், வோல்டேஜ் குறைந்தால் தானே நின்றுவிடும். இதில் உள்ளூர் எலக்ட்ரீஷியன் சறுக்கும் இடம் மோட்டாரின் டெர்மினல் பெட்டி. இந்த அளவுச் சிறு மோட்டார்கள் நம் நாட்டில் பொதுவாக 415 வோல்ட்டுக்கு ஸ்டார் இணைப்பில் வரும் (மோட்டார் சுருள்களை இணைக்கும் இரண்டு முறைகளில் ஒன்று ஸ்டார், மற்றது டெல்டா). டிரைவ் கொடுப்பதோ 230 வோல்ட். இணைப்பை டெல்டாவுக்கு மாற்றாவிட்டால் மோட்டார் வெறுமனே சுழலும், தானியம் விழுந்ததும் இழுக்க முடியாமல் திணறும். மோட்டாரைக் குறை சொல்லித் திருப்பி அனுப்புவதற்கு முன் பெயர்ப்பலகையையும் மூன்று பித்தளைத் தகடுகள் இருக்கும் விதத்தையும் பாருங்கள். பகல் 10 மணி முதல் 3 மணி வரை ஓட்டுவது எப்படியும் நல்லது.

கொல்லிமலை அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வரும் இயந்திரத்தில் போல்ட்டுகள் தளர்ந்திருக்கும், புல்லிகள் நேர்கோட்டில் இராது. இறக்கிய உடனே சுவிட்ச் போடாமல், எல்லாப் போல்ட்டையும் முறுக்கி, தட்டைக் கையால் சுற்றிப் பார்த்து, கான்கிரீட் தளத்தில் ரப்பர் மெத்தை வைத்துப் பதித்தபின் ஓட்டுங்கள். ஓடும்போது நடுக்கம் கூடினால் இம்பெல்லரின் ஒரு சிறகு மற்றதைவிட அதிகம் தேய்ந்திருக்கிறது என்று பொருள். சிறகுகளை ஒன்று ஒன்றாக மாற்றக்கூடாது, முழு செட்டாக மாற்றவேண்டும். இல்லாவிட்டால் பேரிங் போகும். அதே வகை, அதே ஈரம், அதே வேகத்தில் உமியோடு வருவது மெல்ல மெல்லக் கூடினால் லைனர் தேய்ந்தது. பெல்ட்டுக்கு மூடி கட்டாயம். இயக்குபவர் பெரும்பாலும் பெண்கள். புடவைத் தலைப்பும் துப்பட்டாவும் பெல்ட்டில் சிக்குவது கற்பனை ஆபத்து அல்ல. சைக்ளோன் வாயில் துணிப்பை கட்டி, உமி வெளியேறும் குழாயை அறைக்கு வெளியே காற்று போகும் திசையில் வைக்கவேண்டும். உமித்தூசி நுரையீரலுக்கு ஆகாது, முகக்கவசம் இல்லாமல் யாரையும் நிறுத்தவேண்டாம்.

வரகுக்கு ஏன் ஆகாது? உமி பல அடுக்கு. மூன்று நான்கு சுற்று விட்டாலும் ஒரு பகுதி உமியோடே நிற்கும், அதற்குள் மற்றது நொய்யாகிவிடும். வரகுக்கென்று எமரி வகை வேறு. வரகில் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. கதிர் நனைந்து பூசணம் பிடித்த வரகு தலைசுற்றலும் வாந்தியும் தரும். ஊரில் கிறுக்கு வரகு என்பது அதைத்தான். 2024 அக்டோபரில் மத்தியப்பிரதேசத்தின் பாந்தவ்கர் காட்டில் 10 யானைகள் இறந்தபோது பேசப்பட்டதும் பூசண நஞ்சு ஏறிய வரகுதான். மழையில் நனைந்த வரகை இயந்திரத்தில் அரைத்தால் பூசணம் மறையும், நஞ்சு போகாது. வாங்காமல் திருப்பி அனுப்பிவிடவேண்டும்.

வாங்கப் போகும்போது முன்பணம் கொடுப்பதற்கு முன் உங்கள் ஊர்ச் சாமை 20 கிலோவை, கல்லோடும் தூசியோடும் உள்ளபடியே, பட்டறைக்கு எடுத்துப்போங்கள். அவர்கள் வைத்திருக்கும் சாம்பிள் தானியத்தில் ஓட்டிக் காட்டுவதை ஏற்காதீர்கள். அது சலித்து, காயவைத்து, ஒரே அளவாகப் பிரித்த தானியம். உங்கள் தானியத்தைச் சலிக்காமல் 5 கிலோ, சலித்து 5 கிலோ தனித்தனியாக ஓட்டி, இரண்டிலும் 100 மணி எண்ணி, அரிசியையும் நொய்யையும் உமியையும் எடைபோடுங்கள். மூன்றையும் கூட்டினால் போட்ட எடைக்கு அருகில் வரவேண்டும். அரைக் கிலோவுக்கு மேல் குறைந்தால் புளோயர் எங்கோ அரிசியைத் தின்கிறது. மீதி 10 கிலோவைத் தொடர்ந்து விட்டு, பேரிங் பெட்டியில் கை வைத்துச் சூட்டைப் பாருங்கள். பில்லில் இம்பெல்லர் சிறகு ஒரு செட், லைனர் இரண்டு, பெல்ட் இரண்டு, உங்கள் தானியத்துக்கு அடித்த சல்லடைத் தட்டுகள், தட்டின் விட்டம், டிரைவின் மாடல் எண் ஆகியவை தனித்தனி வரியாக இருக்கட்டும். உதிரிப் பாகத்தை மலைக்கு அனுப்ப எத்தனை நாள் என்பதையும் அதே பில்லில் எழுதி வாங்குங்கள். தையில் லைனர் தேய்ந்து, மாசியில் வந்துசேர்ந்தால் அந்தப் பருவச் சாமை மறுபடி வியாபாரி லாரியில் உமியோடு ஏறிவிடும்.